உப்புக் காற்றும் பிளைன்ட்ஸ் கயிறும்

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த தொடர்மாடி வீடென்றால் பின்னேரம் மூன்று மணியிலிருந்து இருட்டும்வரை பிளைன்ட்ஸ் இல்லாமல் இருக்க ஏலாது. வெயில் நேரே கதிரையில் வந்து குந்திவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் அது பாதியில் நின்றுவிடுகிறது. கயிற்றை இழுத்தால் ஏறாது, விட்டால் இறங்காது. உடனே எல்லோரும் செய்வது ஒன்றுதான்: இன்னும் பலமாக இழுப்பது. உள்ளே ஏதோ 'டக்' என்று முறியும். பிறகு ஒரு பாஸைத் தேடிப் பிடிப்போம். அவர் அண்ணாந்து பார்த்துவிட்டுப் புதுசு போடச் சொல்லுவார்.

தேத்தண்ணியை எடுத்துக்கொள்ளுங்கள். இது அவசரமாகச் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. இந்தக் கடற்கரையில் நின்றுபோகும் பிளைன்ட்ஸில் பெரும்பாலானவை பழுதானவை அல்ல, உப்புப் பிடித்தவை. முதல் நாளே பலத்தைக் காட்டாமல் விட்டால் நல்ல தண்ணீரும் ஒரு தட்டை ஸ்குரூ டிரைவரும் போதும். பலம் காட்டிய பிறகுதான் அது உண்மையில் பழுதாகிறது.

உப்பு எப்படி உள்ளே போகிறது என்று கேட்பீர்கள். மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து நேரே எங்கள் யன்னலுக்கு வருகிறது. அலை உடையும்போது எழும் நுண்ணிய துளிகளை அந்தக் காற்று தூக்கிக்கொண்டு வரும். தண்ணீர் வழியிலேயே உலர்ந்துபோகும், உப்பு மட்டும் தகட்டிலும் கயிற்றிலும் மேலே இருக்கும் நீளப் பெட்டிக்குள்ளும் படியும். படிந்த உப்பு சும்மா கிடந்தால் பெரிய கேடில்லை. ஆனால் காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டியதும் சோற்றுப்பு தானாகவே காற்றிலிருந்து நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கொழும்பில் இரவுதோறும் ஈரப்பதம் அதற்கு மேலேதான் நிற்கும். பகலில் காய்வதும் இரவில் கசிவதுமாக, மழை ஒரு துளி படாத பெட்டிக்குள்ளும் இரும்பு முள்ளும் ஸ்குரூவும் இரவுதோறும் உப்புநீரில் ஊறிக் கிடக்கின்றன. குசினியில் உப்புப் போத்தல் கட்டியாவதும் இதே காரணத்தால்தான்.

இதோடு கடற்கரை ரயில் பாதையும் சேர்ந்துகொள்கிறது. 1877 இல் பாணந்துறைவரை போடப்பட்ட அந்தப் பாதையில் இன்றைக்கும் டீசல் எஞ்சின்தான் ஓடுகிறது. அதன் கரிப்புகை உப்பு ஈரத்தில் ஒட்டிக் கறுப்புப் பசையாகிவிடும். மெரைன் டிரைவ் பக்கத்து வீடுகளில் தகட்டைத் துடைத்த துணியைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

கொட்டாஞ்சேனைக் கதை கொஞ்சம் வேறு. கடலுக்கும் அந்த ஊருக்கும் நடுவே துறைமுகம் இருக்கிறது. அலைத்தடுப்புச் சுவர் இருக்கிறது. உப்பு வராமல் இல்லை, ஆனால் அங்கே நான் பார்த்த பிளைன்ட்ஸை நிறுத்தியது பெரும்பாலும் தூசி. கொள்கலன் லொறிகள் கிளப்பும் தூசி, சமையல் எண்ணெய் ஆவியோடு சேர்ந்து உறைந்துபோன தூசி. ஜம்பட்டா வீதிப் பக்கத்துப் பழைய வீடுகளில் மரச்சட்டம் வைத்த யன்னல் கதவும், விறாந்தையில் மூங்கில் தட்டியும் இருந்த காலத்தில் இந்தத் தொல்லை குறைவு. தட்டியில் பழுதாவதற்கு ஒரு கயிறும் ஒரு கப்பியும் தவிர வேறு ஒன்றும் கிடையாது. இன்று எங்கள் வீடுகளில் தொங்கும் அலுமினியத் தகட்டு பிளைன்ட்ஸ் வேறு வகை. அதன் மூதாதை மரத் தகடு. எட்வர்ட் பெரன் என்பவர் 1769 இல் லண்டனில் அதற்குக் காப்புரிமை வாங்கினார். மெல்லிய அலுமினியத் தகடு 1946 இல் ஹன்டர் டக்ளஸ் நிறுவனத்தார் கொண்டுவந்தது. பாரம் குறைந்தது, விலையும் குறைந்தது. கூடவே, மேல் பெட்டிக்குள் சின்னச் சின்னப் பிளாஸ்ரிக் உறுப்புகளும் வந்து சேர்ந்தன.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். கயிறு வெளியே வருகிற மூலையில் ஒரு கயிற்றுப் பூட்டு இருக்கிறது. சரிவான ஒரு பள்ளத்துக்குள் பல் வெட்டிய சின்ன உருளை ஒன்று கிடக்கும். தகடுகளின் பாரம் கயிற்றை உள்ளே இழுக்கும்போது உருளையும் அதோடு சரிவில் ஏறிக் கயிற்றைச் சுவரோடு நெரித்துப் பிடிக்கும். அதனால்தான் கையை எடுத்ததும் பிளைன்ட்ஸ் அப்படியே நிற்கிறது. நீங்கள் கயிற்றைக் கொஞ்சம் கீழே இழுத்து, யன்னலின் நடுப்பக்கமாகச் சரித்தால் உருளை விலகி வழி விடும். பாரமும் உராய்வும் சேர்ந்து வேலை செய்கிற எளிமையான அமைப்பு. அந்தப் பள்ளத்தில் உப்புப் பசை இறுகினால் உருளை இருந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். பிடித்தபடி ஒட்டினால் பிளைன்ட்ஸ் இறங்காது. விட்டபடி ஒட்டினால் எவ்வளவு உயர்த்தினாலும் சரேலென்று கீழே வந்துவிடும்.

இறங்க மறுப்பதை எடுத்துக்கொள்வோம். முதலில் யன்னலை மூடுங்கள். ஐந்தாம் மாடியில் திறந்த யன்னலுக்கு முன்னால் முக்காலியில் ஏறுகிற வேலை வேண்டாம். யன்னல் விளிம்பில் கால் வைக்கவே வேண்டாம். தகடுகளைத் திருகிப் படுத்த வாக்கில், திறந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். மூடிய தகடோடு ஏற்றி இறக்குவதால்தான் கயிறுகள் பாதி தேய்கின்றன. பிறகு தொங்கும் கயிறுகளைப் பிரித்துப் பாருங்கள். இரண்டு மூன்று கயிறுகளில் ஒன்று மட்டும் தொய்ந்திருந்தால் அது உள்ளே மடங்கிச் சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். எல்லாவற்றையும் ஒரே இறுக்கத்துக்குக் கொண்டுவாருங்கள்.

அடுத்தது ஒருவர் செய்கிற வேலை இல்லை. வீட்டில் யாரையாவது கூப்பிட்டு, அடிச்சட்டத்தை இரண்டு கையாலும் ஒரு விரற்கடை உயர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். பாரம் போனால்தான் உருளை நெரிப்பதை விடும். பாரம் இருக்கும்போது இழுப்பது பூட்டை இன்னும் இறுக்கத்தான் செய்யும். இதை மட்டும் மறக்காதீர்கள். அவர் உயர்த்திப் பிடித்திருக்க, நீங்கள் கயிற்றை நடுப்பக்கமாக நாற்பத்தைந்து பாகையில் சரித்து மெதுவாக விட்டு விட்டு இழுங்கள். அப்படியும் அசையாவிட்டால், பெட்டியின் மேற்பக்கம் திறந்திருக்கும், அந்த வழியாகத் தட்டை ஸ்குரூ டிரைவரின் நுனியால் உருளையை மெல்லத் தள்ளுங்கள். குத்தவோ நெம்பவோ வேண்டாம். பெரும்பாலும் ஒரு சின்னச் சத்தத்தோடு அது விட்டுக்கொடுக்கும்.

விட்டதும் வேலை முடிந்ததென்று எண்ணி விட்டுவிடுவோம். அடுத்த கிழமை அதே இடத்தில் மறுபடியும் நிற்கும், ஏனென்றால் உப்பு இன்னும் அங்கேயே இருக்கிறது. அதைக் கழுவி எடுக்கவேண்டும். பெட்டியின் இரண்டு முனையிலும் சுவரில் பூட்டிய தாங்கிகளுக்கு முன்பக்கம் ஒரு சின்னக் கதவு இருக்கும். அதைத் திறந்தால் பெட்டி முன்னால் வழுகி வரும். தகடுகளை முழுதாக மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு கழற்றுங்கள். குளியலறைத் தரையில் பழைய சேலையொன்றை விரித்து அதன்மேல் போடுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் சில துளி கலந்த இளஞ்சூட்டுத் தண்ணீரால் மெத்தென்ற தூரிகை கொண்டு தேயுங்கள். கயிற்றுப் பூட்டுக்குள் தண்ணீரைப் பாய்ச்சியபடியே கயிற்றை முன்னும் பின்னும் ஓட்டுங்கள். உள்ளே இருப்பது கரைந்து வரும். பிறகு வெறும் நல்ல தண்ணீரால் ஒரு முறைக்கு இரு முறை அலசுங்கள். அலசாமல் காயவிட்டால் கரைந்த உப்பு மறுபடி அதே இடத்தில் உட்காரும். மேல் பெட்டி அநேகமாகப் பெயின்ட் பூசிய இரும்புத் தகடுதான். அதைத் துணியால் ஒற்றி, மின்விசிறிக்குக் கீழே ஓர் இரவு நிமிர்த்தி வையுங்கள். மரத் தகட்டையும் துணியால் ஆனதையும் இப்படிக் குளிப்பாட்டக் கூடாது. ஈரத் துணியால் துடைத்தாலே போதும். மோட்டர் பூட்டியதென்றால் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

அலுமினியத்தில் வெள்ளைப் பொடியாகப் பூத்திருந்தால் வினாகிரியில் இரண்டு பங்கு தண்ணீர் கலந்து மெதுவாகத் துடைத்து உடனே அலசிவிடுங்கள். அப்பச்சோடா வேண்டாம், பிளீச் வேண்டாம். காரத்தன்மை உள்ள எதுவும் அலுமினியத்தை அரித்து மங்கச் செய்யும். எல்லாக் கறைக்கும் அப்பச்சோடா என்று நம்பியிருக்கும் வீடுகள் நிறைய. இந்த ஓர் இடத்தில் அந்த நம்பிக்கை பலிக்காது.

இனி எண்ணெய் விஷயம். இதில்தான் எங்கள் ஆட்கள் பெரும் பிழை விடுகிறார்கள். ஏதாவது இறுகினால் கை தேங்காய் எண்ணெய்ப் போத்தலுக்குப் போகிறது. கொஞ்ச நாளில் அது சிக்குப் பிடித்துப் பிசினாகும், தூசியை வாரிச் சேர்க்கும், கரப்பானையும் எறும்பையும் அழைத்து வரும். தையல் மெசின் எண்ணெயும் தூசி சேர்ப்பதில் குறைந்ததல்ல. நீல டப்பாவில் வரும் டபிள்யூடி-40 ஐப் பலர் எல்லா நோய்க்கும் மருந்தாக வைத்திருக்கிறார்கள். 1953 இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் ஒரு சின்ன இரசாயனக் கம்பெனி அதைச் செய்தது, அட்லஸ் ஏவுகணையின் உடல் துருப்பிடிக்காமல் நீரை விலக்குவதற்காக. நாற்பதாவது கலவைதான் சரிவந்தது என்பதால் பெயரில் 40. துருப்பிடித்து இறுகிய ஸ்குரூவை இளக்க அது மிக நல்லது. இளக்கியதும் துடைத்துவிடுங்கள். நாட்கணக்கில் நின்று வேலை செய்கிற மசகு அது இல்லை.

கயிற்றுப் பூட்டுக்கு எந்த எண்ணெயும் கூடாது. அது உராய்வால் பிடிக்கிற அமைப்பு என்று சொன்னேன் அல்லவா? உராய்வை எடுத்துவிட்டால் பிடிப்பும் போய்விடும். பாதியில் நிற்கும் பிளைன்ட்ஸுக்கு எண்ணெய் விட்டு, பிறகு எங்கேயுமே நிற்காத பிளைன்ட்ஸாக மாற்றிக்கொண்ட வீடுகள் பல. பூட்டுக்கும் கயிற்றுக்கும் நல்ல தண்ணீர் மட்டும்தான். உலர்ந்து நிற்கும் சிலிக்கன் ஸ்பிரே தகடு திருப்பும் கம்பிக்கும் அதன் பற்சக்கரத்துக்கும் உரியது; அதுவும் ஒரு துணியில் அடித்துத் துடைத்துவிடும் அளவுக்கு.

தகடு திரும்பாவிட்டால் திருகுக் கோலைத் திருகியபடி பெட்டிக்குள் எட்டிப் பாருங்கள். கோல் சுழல்கிறது, உள்ளே இருக்கும் நீளக் கம்பி சுழலவில்லை என்றால் கம்பி பற்சக்கரத்திலிருந்து நழுவியிருக்கும், அல்லது சக்கரத்தின் பல் தேய்ந்திருக்கும். நழுவியதைத் தள்ளி மாட்டினால் சரி. தேய்ந்தால் அந்த ஓர் உறுப்பை மட்டும் மாற்றலாம். கம்பி சுழல்கிறது, தகடு அசையவில்லை என்றால் தகடுகளைத் தாங்கும் ஏணிக் கயிறு அதன் பிடியிலிருந்து கழன்றிருக்கிறது. கோலே சுழலவில்லை என்றால் அது ஒரு பக்கம் எல்லைமீறித் திருகப்பட்டிருக்கும். எதிர்ப்பக்கமாகப் பொறுமையாகத் திருப்பிக்கொண்டு வாருங்கள்.

சுருட்டும் துணி பிளைன்ட்ஸ் இப்போது புதிய தொடர்மாடிகளில் கூடிவிட்டது. பக்கத்தில் மணிச்சங்கிலி தொங்கும். அது பாதியில் நிற்பதற்கு நான் அதிகம் கண்ட காரணம் ஒன்று உண்டு. சங்கிலியின் இரண்டு முனையையும் இணைக்கும் மணி மற்றவற்றைவிடப் பெரியது. அது மேலே இருக்கும் கிளட்சுக்குள் நுழையாது. யாரோ சங்கிலியை மாற்றிப் பூட்டியிருந்தால் அந்த மணி தவறான இடத்தில் வந்து முட்டும். துணி முழுதாக இறங்கியிருக்கும்போது அந்த மணி எங்கே நிற்கவேண்டும் என்று பார்த்துச் சங்கிலியை நகர்த்திப் பூட்டினால் வேலை முடிந்தது. கிளட்சுக்குள் ஒரு சுருள்வில் உருளையை இறுக்கிப் பிடித்துத்தான் துணியை நிறுத்துகிறது, ஆகவே அங்கேயும் எண்ணெய் விடக் கூடாது.

துணி சுருளும்போது ஒரு பக்கமாக ஓடி ஓரம் தாங்கியில் உரசி நூல் பிரியும். பிரிந்த நூலை இழுக்காமல் கத்தரியுங்கள். இரண்டு தாங்கியும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். மட்டம் சரி, ஆனாலும் ஓடுகிறது என்றால், துணியை முழுதாக இறக்கி, அது ஓடுகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் உருளையின்மேல் ஒரு சிறு ஒட்டுநாடாத் துண்டை ஒட்டுங்கள். தடித்த பக்கம் துணியைத் தன்னை நோக்கி இழுக்கும். ஒன்று போதாவிட்டால் மேலே இன்னொன்று. சங்கிலி இல்லாமல், இழுத்து விட்டால் தானே சுருளும் சுருள்வில் வகை அமெரிக்கரான ஸ்டூவர்ட் ஹார்ட்ஸோர்ன் 1864 இல் காப்புரிமை எடுத்தது. அது சோர்ந்து பாதியில் நின்றால், துணியைப் பாதி இறக்கித் தாங்கியிலிருந்து கழற்றி, கையால் சுருட்டி மறுபடி மாட்டினால் வில்லின் முறுக்கு ஏறும். கழற்றும்போது தட்டையான முனையைக் கையில் இறுகப் பிடித்திருங்கள்; விட்டால் வில் முழுதும் விசையோடு சுழன்றுவிடும். சுருளை விரிக்கும்போது பல்லி முட்டையும் எச்சமும் விழும். கொழும்பில் இது இல்லாத வீடு அரிது. ஒட்டிய எச்சத்தை ஈரத் துணியால் ஊறவைத்து எடுங்கள். சுரண்டினால் துணி போய்விடும்.

காலி வீதியில் மருந்துக் கிளினிக்குகளிலும் ரியூசன் வகுப்புகளிலும் தொங்கும் நெடுக்குத் துணி வகையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஒரு துண்டு மட்டும் மாறித் திரும்பி நின்றால் அதைக் கையால் பிடித்து 'கிளிக்' என்று கேட்கும்வரை திருப்புங்கள். மேலே ஓடும் அலுமினியத் தடத்தை நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்துச் சிலிக்கன் தடவினால் மறுபடி ஓடும்.

கயிறு தேய்ந்து இழை இழையாக வந்திருந்தால் முழு பிளைன்ட்ஸையும் தூக்கிப் போடாதீர்கள். அடிச்சட்டத்துக் கீழே இருக்கும் பிளாஸ்ரிக் மூடியை எடுத்தால் கயிற்றின் முடிச்சு தெரியும். முடிச்சை வெட்டி, பழைய கயிற்றின் நுனியில் புதுக் கயிற்றை ஒட்டுநாடாவால் மெல்லிதாகச் சேர்த்து, மேலிருந்து மெல்ல இழுங்கள். பழையது போகிற வழியெல்லாம் புதியது பின்னால் வரும். பூட்டைத் தாண்டும்போது மட்டும் அவசரப்பட வேண்டாம். ஒரு கயிற்றை முடித்த பிறகு அடுத்ததைத் தொடுங்கள். கயிறு வாங்கப் புறக்கோட்டைக்குப் போகிறவர்கள், பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயர் கடைகளில் பழைய துண்டைக் காட்டிக் கேளுங்கள். தடிப்பு மாறினால் பூட்டு பிடிக்காது.

2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் அந்த மே மாதத்துக்குள் 360 ஐத் தொட்டது. அதற்குப் பிறகு இறக்குமதிச் சாமான் எதையும் எறியும்முன் இரண்டு தடவை யோசிக்கப் பழகிவிட்டோம். பிளைன்ட்ஸும் அதில் அடக்கம். எங்கள் தொடர்மாடியில் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் பதினைந்து வருஷத்துக்கு மேலாக ஒரே பிளைன்ட்ஸை வைத்திருக்கிறார். அவர் செய்வது இவ்வளவுதான்: பருவக்காற்று தொடங்குமுன் ஏப்ரலில் ஒரு தடவை, அது ஓய்ந்த பிறகு ஒக்டோபரில் ஒரு தடவை, நல்ல தண்ணீரால் அலசுவார். கயிறு மாற்றுவதென்றால் ஜனவரி, பெப்ரவரி. அப்போது காற்று கரைப்பக்கத்திலிருந்து வரும், எல்லாம் வடிவாகக் காயும்.

போகுமுன் ஒன்றைக் கேட்டுவிட்டுப் போங்கள். எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். பிளைன்ட்ஸ் கயிறு கழுத்தில் சுற்றி உலகின் பல நாடுகளில் சிறு பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். சத்தமே வராது, சில நிமிஷம் போதும். ஐரோப்பாவில் 2014 இல் இறுக்கப்பட்ட தரவிதி, பிள்ளைகள் இருக்கக்கூடிய இடத்தில் கயிறோ சங்கிலியோ தரையிலிருந்து 1.5 மீற்றருக்குக் கீழே தொங்கக் கூடாது என்கிறது. அமெரிக்காவில் 2018 டிசெம்பர் 15 இலிருந்து கடையில் நேரே எடுத்து விற்கும் பிளைன்ட்ஸில் கயிறு இல்லாமலோ, பிள்ளைக்கு எட்டாமலோ, மிகக் குட்டையாகவோதான் இருக்கவேண்டும். எங்கள் கடைகளில் நீளக் கயிறு தொங்கும் பிளைன்ட்ஸ் இன்றைக்கும் சாதாரணமாக விற்கப்படுகிறது. ஆகவே இது எங்கள் கையில்தான் இருக்கிறது. கயிறுகளின் நுனி ஒன்றாகச் சேர்த்து வளையமாகக் கட்டியிருந்தால் வெட்டித் தனித்தனியாக விடுங்கள். சுவரில் உயரமாக ஒரு கொளுவி அடித்துக் கயிற்றை அதில் எட்டு வடிவில் சுற்றுங்கள். மணிச்சங்கிலியைத் தொங்கவிடாமல் அதன் பிடியைச் சுவரில் இறுக்கிப் பூட்டுங்கள். தொட்டிலையும் பிள்ளையின் கட்டிலையும் ஏறக்கூடிய கதிரையையும் யன்னலடியிலிருந்து தள்ளி வையுங்கள். தவழுகிற பிள்ளை வீட்டில் இருந்தால் உப்பையும் துருவையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இன்றைக்கு இருட்டுமுன் அந்தக் கயிற்றை உயர்த்திக் கட்டிவிடுங்கள்.